அமீனா வந்தால் கதவைத் திறக்க வேண்டுமா?

லண்டன் நகரின் கிழக்கே ஈஸ்ட்ஹாம் என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள இடம். கடைத்தெருவில் முருங்கைக்காய் கிடைக்கும். முருகன் கோவிலும் உண்டு.

அங்கே ஒரு வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணி. இரவு வேலைக்குப் போன கணவன் இன்னும் திரும்பவில்லை. தாய் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டு இருக்கிறாள்.

டக்! டக்! டக்!

"யார்?"

"வரி பாக்கி விஷயமாக வந்திருக்கிறேன். ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு பாக்கி. பணம் கட்டுங்கள். இல்லாவிட்டால் சாமான்களை எடுத்துக்கொண்டு போவேன். கதவைத் திறங்கள், உள்ளே வந்து பேசிக்கொள்ளலாம்."

அவளுக்குக் கை நடுங்குகிறது. ஊரில் அமீனா வந்து, அண்டா குண்டாவை எல்லாம் தெருவில் போட்டு ஜப்தி செய்ததைச் சிறு வயதில் பார்த்தவள். பக்கத்து வீட்டார் பார்ப்பதற்குள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடலாம் என்று தோன்றுகிறது. கை தாழ்ப்பாளுக்குப் போகிறது.

அம்மா, கையை எடுங்கள்! அந்தத் தாழ்ப்பாளில்தான் உங்கள் முழுப் பலமும் இருக்கிறது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. இங்கிலாந்தில் ஏழை எளியவர்கள் வீட்டில் அடிக்கடி நடப்பது. வெள்ளைக்காரர் வீட்டிலும் நடக்கிறது. நம்மவர் வீட்டிலும் நடக்கிறது. பிள்ளையோ பெண்ணோ அந்த ஊரில் இருந்தால் இதைப் படித்து அவர்களிடம் சொல்லுங்கள்.

குடியிருப்பவர் தலையில்

அந்த வரிக்குக் "கவுன்சில் வரி" என்று பெயர். கவுன்சில் என்பது நம் ஊர் நகரசபை மாதிரி. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, முதியோர் பராமரிப்பு போன்ற செலவுகளுக்கு இந்த வரிப் பணமும் போகிறது.

நம் ஊரில் வீட்டு வரி கட்டுவது வீட்டுக்காரர். அங்கே பெரும்பாலும் வீட்டில் குடியிருப்பவர்தான் கட்டவேண்டும். வாடகைக்கு இருந்தாலும் அவர் தலையில்தான் விழும். புதிதாகப் போகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். "வாடகை கொடுத்துவிட்டோமே, அதற்கு மேல் என்ன வரி?" என்று இருந்துவிடுகிறார்கள்.

இந்த வரி வந்ததே ஒரு பெரிய கலகத்துக்குப் பிறகுதான். பிரதம மந்திரி மார்கரெட் தாட்சர், பணக்காரர் ஏழை என்ற வித்தியாசம் அதிகம் பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி போட்டார். ஸ்காட்லாந்தில் 1989-லும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-லும் அது வந்தது. ஜனங்கள் கொதித்தார்கள். 1990 மார்ச் 31-ந்தேதி லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் பெரிய கலவரம் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். அதற்கு அந்த வரியும் ஒரு முக்கிய காரணம். 1993 ஏப்ரலில் தலைவரி போய், கவுன்சில் வரி வந்தது.

வீட்டின் மதிப்பை வைத்து இதைப் போடுகிறார்கள். எந்த ஆண்டு மதிப்பு தெரியுமா? இங்கிலாந்தில் 1991 ஏப்ரல் 1-ந்தேதி மதிப்பு! போன வருடம் கட்டிய வீடானாலும், "1991-ல் இது இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும்?" என்று கணக்குப் போடுகிறார்கள். வேடிக்கைதான். ஆனால் பணம் கட்டுகிறவருக்குச் சிரிப்பு வராது.

கணக்கு எப்படி ஏறுகிறது?

ஒரு வீட்டுக்கு வருட வரி 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 10 தவணை. மாதம் 150 பவுண்டு. (கேட்டால் 12 தவணையாகவும் கொடுப்பார்கள். பலருக்கு இது தெரியாது.)

2 தவணை கட்டியாகிவிட்டது. கணவனுக்கு வேலை நேரம் குறைந்தது. மூன்றாவது தவணை தவறியது.

1992-ம் ஆண்டு விதிகளின்படி, கவுன்சில் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பும். 7 நாளில் கட்டவேண்டும். கட்டாமல் மேலும் 7 நாள் போனால் தவணைச் சலுகை ரத்து! மீதி 1,200 பவுண்டையும் ஒரே தடவையில் கட்டு என்பார்கள்.

150 கட்ட முடியாதவர் 1,200-க்கு எங்கே போவார்? இந்தக் கேள்வியை விதி எழுதியவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்த முறையை மாற்றுவது பற்றி 2025-ல் இங்கிலாந்து அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஆகையால் உங்களுக்கு வரும் கடிதத்தில் எத்தனை நாள் கெடு போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சம்மன். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து வரும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேரின் பாக்கியை அங்கே எடுத்துக்கொள்வார்கள். நேரில் போகிறவர் கொஞ்சம் பேர்தான். "என்னிடம் பணம் இல்லை" என்பது அந்தக் கோர்ட்டில் பதில் ஆகாது. நீ கட்டவேண்டியவனா? கட்டினாயா? இந்த இரண்டே கேள்விதான். பாக்கி உண்டு என்று உத்தரவு போட்டுவிடுவார்கள். கோர்ட்டுச் செலவும் கணக்கில் ஏறும்.

உத்தரவு கையில் கிடைத்ததும் கவுன்சிலுக்குப் பல வழிகள் உண்டு. சம்பளத்தில் பிடிக்கலாம். அரசாங்க உதவித் தொகையில் வாரா வாரம் சிறு தொகை பிடிக்கலாம். அல்லது அமீனாவிடம் கொடுக்கலாம்.

இங்கேதான் நீங்கள் பேசவேண்டும். "அமீனாவிடம் அனுப்பாதீர்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்வதற்கு இல்லை. கேட்காதவருக்குக் கிடைப்பது அபூர்வம்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டணம்

அந்த ஊர் அமீனா சர்க்கார் சிப்பந்தி அல்ல. பெரும்பாலும் ஒரு தனியார் கம்பெனியின் ஆள். கோர்ட்டில் சர்ட்டிபிகேட் வாங்கியிருப்பார். முன்பு பெயிலிப் என்ற பெயர். 2014 ஏப்ரல் 6 முதல் புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. பெயரை "என்போர்ஸ்மெண்ட் ஏஜெண்ட்" என்று மாற்றினார்கள். ஜனங்கள் இன்னமும் பெயிலிப் என்றுதான் சொல்கிறார்கள்.

2014-ல் அவருக்குக் கட்டணம் நிர்ணயித்தார்கள். வழக்கு அவர் கைக்குப் போனதுமே 75 பவுண்டு. வீடு தேடி வந்தால் மேலும் 235. சாமானை ஏலத்துக்குக் கொண்டுபோனால் இன்னொரு 110. பாக்கி 1,500 பவுண்டுக்கு மேலே இருந்தால், பின்னால் சொன்ன இரண்டு படியிலும் மேற்கொண்ட தொகைக்கு நூற்றுக்கு ஏழரை வீதம் கூடுதல். எல்லாம் கடன்பட்டவர் தலையில்!

நாம் பார்த்த குடும்பத்துக்குக் கணக்குப் போடுங்கள். 75-ம் 235-ம் சேர்ந்தால் 310 பவுண்டு. இரண்டு மாதத் தவணைக்கு மேலே போய்விட்டது. அந்தப் பணத்தில் ஒரு காசுகூட வரி பாக்கியில் கழியாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அமீனா வருவதற்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் வரவேண்டும். குறைந்தது முழுசாக 7 நாள் அவகாசம் தரவேண்டும். அந்த 7 நாளுக்குள் கம்பெனியுடன் பேசி, தவணை ஒப்புக்கொண்டு, ஒழுங்காகக் கட்டிவந்தால் அவர் வரவும் மாட்டார், 235-ம் ஏறாது. கவரைப் பிரிக்காமல் அலமாரியில் சொருகிவைத்தால் அந்த ஒரு கவரின் விலை 235 பவுண்டு!

அவர் எத்தனை தடவை கதவைத் தட்டினாலும் அந்த 235 ஒரே தடவைதான். தடவைக்குத் தடவை கேட்டால் கொடுக்காதீர்கள்.

வாசல் வரை உள்ள அதிகாரம்

இப்போது கதவுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை என்று சொல்வார்கள். அது வெறும் பேச்சு அல்ல. 1604-ம் ஆண்டிலேயே, ஸெமெய்ன் என்பவரின் வழக்கில், தனியார் கடனுக்காக அதிகாரி வீட்டுக் கதவை உடைக்கக் கூடாது என்று லண்டன் நீதிபதிகள் சொன்னார்கள். நானூறு வருடமாக அந்த வாசனை சட்டத்தில் இருக்கிறது.

கவுன்சில் வரி பாக்கிக்காக முதல் தடவை வரும் அமீனா, கதவை உடைக்க முடியாது. உங்களைத் தள்ளிக்கொண்டு நுழையக் கூடாது. ஜன்னல் வழியாக ஏறக் கூடாது. வீட்டில் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டும் இருந்தால் உள்ளே வரக் கூடாது. காலை 6 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பிறகும் வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்றால், வரலாம்.

ஆனால் பூட்டாத கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தால் அது சட்டப்படி சரிதான். நீங்களே "வாருங்கள், உட்காருங்கள்" என்றாலும் சரிதான். நம்மவர்களுக்கு வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசிப் பழக்கம் இல்லை. இந்த ஒரு விருந்தாளிக்கு மட்டும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் தெரியுமா? உள்ளே வந்ததும் அவர் கூடத்தில் உள்ள சாமான்களைப் பட்டியல் எடுப்பார். டெலிவிஷன் ஒன்று, சோபா ஒன்று என்று எழுதி, ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார். சாமான் உங்கள் வீட்டிலேயே இருக்கும். தவணை தவறினால், முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்துவிட்டு மறுபடியும் வருவார். அப்போது பூட்டை உடைக்கவும் அவருக்கு உரிமை வந்துவிடும்! முதல் நாள் திறந்த கதவு அன்றோடு முடிவதில்லை.

இன்னொன்று. இது வரி பாக்கிக்கு உள்ள விதி. கிரிமினல் கோர்ட்டு அபராதத்துக்காக வரும் அமீனாவுக்கு அதிகாரம் கூடுதல். ஆகையால் எதற்காக வந்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அடையாளச் சீட்டையும் உத்தரவையும் கதவில் உள்ள கடிதப் பொந்து வழியாகக் காட்டச் சொல்லுங்கள்.

வாசலுக்கு வெளியே நிற்கும் காருக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதற்குப் பூட்டுப் போட்டுவிடுவார். ஊனமுற்றோருக்கான நீல அட்டை வைத்துள்ள காரைத் தொடக் கூடாது.

வீட்டுக்குள் வந்துவிட்டால்கூட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. அடுப்பு, பிரிஜ், துணி துவைக்கும் மெஷின், படுக்கை, சாப்பாட்டு மேஜை நாற்காலி, ஒரு டெலிபோன், நோயாளிக்கு வேண்டிய கருவி, இவற்றைத் தொடக் கூடாது. தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவரின் மெஷின் மாதிரி, தொழில் சாமான்கள் 1,350 பவுண்டு மதிப்பு வரை அவருக்கே உரியது. பிள்ளையின் சாமான் பிள்ளைக்கு. கூடக் குடியிருக்கும் நண்பரின் சாமான் அவருக்கு. ரசீது இருந்தால் காட்டுங்கள்.

2014-ல் அரசாங்கம் வெளியிட்ட நடைமுறை விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. முதியவர், ஊனமுற்றவர், கடும் நோயாளி, கர்ப்பிணி, சமீபத்தில் வீட்டில் சாவு கண்டவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், வேலை இல்லாதவர் ஆகியோரிடம் அமீனா நிதானம் காட்டவேண்டும் என்று அதில் உண்டு. அதே பட்டியலில் இங்கிலீஷ் பேசவோ படிக்கவோ சிரமப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊரிலிருந்து பேரனைப் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட பாட்டி, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். எழுத்திலும் தெரிவிக்க வேண்டும்.

ஜெயிலா?

"கட்டாவிட்டால் ஜெயில்" என்று கதவுக்கு வெளியே சிலர் மிரட்டுவது உண்டு. அமீனாவுக்கு ஆளைப் பிடிக்கும் அதிகாரம் கிடையாது.

இங்கிலாந்தில் கடனுக்கு ஜெயில் என்பது பழைய கொடுமை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824-ல் ரொட்டிக்கடைக் கடன் 40 பவுண்டு சில்லறைக்காக மார்ஷல்ஸீ ஜெயிலில் அடைக்கப்பட்டார். 12 வயதுப் பையன் சார்லஸ், பூட்ஸ் மை செய்யும் தொழிற்சாலையில் ஜாடிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த வேதனையைப் பெரியவனான பிறகும் அவர் மறக்கவில்லை. 1869-ல் சட்டம் வந்து, சாதாரணக் கடனுக்கு ஜெயில் பெரும்பாலும் ஒழிந்தது.

வரிக்கு மட்டும் ஒழியவில்லை. 1992-ம் ஆண்டு விதிகளில் 3 மாதம் வரை ஜெயில் என்று எழுதினார்கள். ஆனால் மாஜிஸ்திரேட் முதலில் வருமானத்தை விசாரிக்க வேண்டும். கையில் பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர், அல்லது குற்றம் என்று சொல்லும் அளவுக்கு அலட்சியமாக இருந்தவர் என்று தெரிந்தால்தான் தண்டிக்கலாம். இல்லாத கொடுமையால் கட்டாதவரைத் தண்டிக்க முடியாது.

அப்படியும் தவறு நடந்தது. 2016-ல் வேல்ஸில் ஒரு தாய் வரி பாக்கிக்காக ஜெயிலுக்குப் போனார். 40 நாள் உள்ளே இருந்தார். அவருக்குக் கொடுத்த தண்டனை சட்டப்படி தவறு என்று 2017 ஜனவரியில் ஐகோர்ட்டு சொன்னது. போன 40 நாள் போனதுதான். வேல்ஸ் அரசாங்கம் 2019 ஏப்ரல் 1 முதல் இந்த ஜெயில் தண்டனையையே எடுத்துவிட்டது.

அமீனா இல்லாமலே வரி வசூலிக்க முடியாதா? முடியும் என்று சொன்ன ஊரும் உண்டு. லண்டனிலேயே ஹேமர்ஸ்மித்-புல்ஹாம் கவுன்சில், வரி பாக்கிக்கு அமீனா அனுப்புவதை நிறுத்தியது.

குறைக்க வழி

பாக்கியைப் பற்றிப் பயப்படுமுன், அவ்வளவு வரி உண்மையிலேயே உண்டா என்று பாருங்கள்.

வீட்டில் பெரியவர் ஒருவரே இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி. எல்லோரும் முழு நேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துப் படிக்கிறார்கள் அல்லவா? கல்லூரிச் சான்றைக் கவுன்சிலுக்கு அனுப்பாததால் வீண் பாக்கி ஏறும்.

வருமானம் குறைந்தவர்களுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. 2013 முதல், ஓய்வூதிய வயதை எட்டாதவர்களுக்கான அந்தச் சலுகையை ஒவ்வொரு கவுன்சிலும் தன் விருப்பப்படி அமைக்கிறது. ஒரு தெருவுக்கு அந்தப்பக்கம் ஒரு சலுகை, இந்தப்பக்கம் ஒரு சலுகை! விசாவில் "பொது உதவி பெறக் கூடாது" என்று நிபந்தனை உள்ளவர்கள் இந்தச் சலுகைக்கு மனுப் போடுமுன் கட்டாயம் ஆலோசனை கேட்கவேண்டும். 25 சதவீதத் தள்ளுபடிக்கு அந்தத் தடை இல்லை.

இதற்கெல்லாம் மேலே, மிகவும் கஷ்டப்படுகிறவரின் வரியைத் தன் விருப்பப்படி குறைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. 1992-ம் ஆண்டுச் சட்டத்தில் 13ஏ பிரிவு. அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். கடிதம் படிக்கிற குமாஸ்தா நிமிர்ந்து உட்காருவார்.

2021 மே 4 முதல் இன்னொரு வசதி வந்தது. "மூச்சுவிட அவகாசம்" என்று அதற்குப் பெயர். 60 நாள் வரை அமீனா வரக் கூடாது. கடன்காரர் கெடுபிடி செய்யக் கூடாது. ஆனால் நேராக நாம் வாங்க முடியாது. கடன் ஆலோசகர் மூலம்தான் வாங்கவேண்டும்.

ஆலோசகருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தரும ஸ்தாபனம் இருக்கிறது. 1939 செப்டம்பரில், பிரிட்டன் உலக யுத்தத்தில் இறங்கிய மறுநாள் அதன் முதல் அலுவலகங்கள் திறந்தன. ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் என்ற தரும சேவைகளும் உண்டு. "உங்கள் கடனை அடைத்துத் தருகிறோம், இவ்வளவு கட்டணம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள்.

மறுபடியும் அந்தக் கதவு

ஈஸ்ட்ஹாம் தாய் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.

அவள் என்ன சொல்லவேண்டும்? நாலு வாக்கியம் போதும்.

"நான் கதவைத் திறக்க மாட்டேன். உங்கள் காகிதத்தைப் பொந்து வழியாகப் போடுங்கள். நான் கவுன்சிலிடம் பேசிக்கொள்கிறேன். வீட்டில் குழந்தை இருக்கிறது, தயவுசெய்து போங்கள்."

சத்தம் போட வேண்டாம். திட்ட வேண்டாம். அவர் அங்கே சொன்னதையும், வந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிவைத்தால் போதும். கணவன் வந்ததும் அவரும் பின்னால் தாழ் போடட்டும்.

பத்து மணிக்குக் கவுன்சில் அலுவலகத்துக்கு டெலிபோன் செய்யவேண்டும். மாதம் என்ன வருமானம், என்ன செலவு, எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு கணக்கு எழுதிவைத்துக்கொண்டு பேசவேண்டும். முடியாத தொகையை ஒப்புக்கொள்ளக் கூடாது. இருபது பவுண்டுதான் முடியும் என்றால் இருபது என்றே சொல்லவேண்டும். ஒப்புக்கொள்ளும் வரை அந்த இருபதைக் கவுன்சிலுக்கே கட்டிக்கொண்டு வரலாம். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அப்புறம் பக்கத்தில் உள்ள ஆலோசனை அலுவலகத்துக்குப் போகவேண்டும். போகும்போது அலமாரியில் சொருகிவைத்த கவர்களையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். பிரிக்காத கவர் என்றாலும் பரவாயில்லை. அங்கே உள்ளவர்கள் அதுபோல் எத்தனையோ பைகளைப் பார்த்தவர்கள். கோபிக்க மாட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கித் தருவார்கள்.